துரைப்பாண்டிக்குப் பட்ட அடி

சங்கரன்கோவிலில் இருந்து திருவேங்கடம் போகிற ரோட்டில், ஊர் முடிந்து கரிசல் தொடங்குகிற இடத்தில் துரைப்பாண்டிக்கு நிலம் இருந்தது. பருத்தியும் கம்பும் உளுந்தும் மாறி மாறிப் போடுவார். வீடு ஊருக்குள்ளே, வடக்கு ஓரத்தில் ஒரு தெருவில். ஓலைக் கூரை, பின்பக்கம் மாட்டுத் தொழுவம். பெண்டாட்டி பெயர் வள்ளித்தாய். கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே மகள் பாலம்மாள்.

அவர் வசதிக்காரரும் இல்லை, படித்தவரும் இல்லை. ஆனால் அந்தத் தெருவில் சண்டை என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வரப்புத் தகராறு, மாடு பயிரில் இறங்கின தகராறு, மாமியார் மருமகள் பேசிக்கொள்ளாத வீடு, எல்லாவற்றுக்கும் அவர்தான். வந்து உட்கார்ந்து, முதலில் கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசுவார். பிறகு இரண்டு பக்கத்துப் பேச்சையும் குறுக்கே விழாமல் கேட்பார். குரலை உயர்த்தமாட்டார். "சரி வே, நீரு சொல்லுதது சரிதான். அவரு சொல்லுததையும் கொஞ்சம் கேப்பமா?" என்பார். அந்தக் குரலிலேயே பாதிக் கோபம் இறங்கிவிடும். கல்யாணமான நாளில் இருந்து தன்னை ஒரு அதட்டு அதட்டினதில்லை என்று வள்ளித்தாய் கிணற்றடியில் மற்றப் பெண்களிடம் சொல்வாள். அவர்கள் நம்பமாட்டார்கள்.

1943-ம் வருஷம் ஐப்பசி மாதம், அவருடைய தம்பி ஆறுமுகச்சாமியின் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு புளியங்குடியில் தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆறுமுகச்சாமி முன்கோபி. கையை நீட்டியிருந்தான். தானே போய்க் கூப்பிட ரோஷம் தடுத்தது. அண்ணனிடம் வந்து நின்றான்.

"நீங்க போய்ச் சொன்னா வருவாண்ணே. நான் போனா கதவக்கூடத் தொறக்கமாட்டாவ."

"ஒம் பெண்டாட்டிய நான் கூப்பிடணுமோ?" என்று சிரித்தார் துரைப்பாண்டி. ஆனாலும் மறுநாளே போனார். தம்பியின் மாமனார் வீட்டில் பகல் முழுக்க உட்கார்ந்து பேசினார். அங்கேயே சாப்பிட்டார். சாயங்காலத்துக்குள் அந்தப் பெண் வெள்ளிக்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டாள். அவர் பஸ் ஏறினார்.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காது. பஸ்ஸின் பின்பக்கம் பெரிய இரும்பு உருளை ஒன்றைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அதில் வருகிற வாயுவைக் கொண்டு வண்டியை ஓட்டினார்கள். கரி வண்டி என்றே பெயர். மேட்டில் ஏறாமல் திணறும், ஆட்கள் இறங்கித் தள்ளுவார்கள். இறக்கத்தில் கட்டுக்கு அடங்காது. அன்றைக்கு ஒரு ஓடைப் பாலத்துக்கு முன்னால் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது, ஆட்டு மந்தை ஒன்று ரோட்டைக் கடந்தது. டிரைவர் ஒடித்துத் திருப்பினார். மழையில் கரை இளகியிருந்தது. ஒரு பக்கத்துச் சக்கரம் மண்ணில் இறங்க, பஸ் சாய்ந்து, ஒரு புரட்டுப் புரண்டு ஓடைக்குள் போய்க் கிடந்தது. இரண்டு பேர் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். பலருக்குக் கை கால் முறிந்தது.

அதே பஸ்ஸில் புளியங்குடியைச் சேர்ந்த கதீஜம்மாள் என்ற பெண்ணும் வந்தாள். எலுமிச்சம்பழக் கூடையைச் சங்கரன்கோவில் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறவள். அவளுடைய வலது கை முழங்கைப் பக்கம் முறிந்து தொங்கியது. துரைப்பாண்டியை அவள் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தாள். உள்ளே கிடந்தவர்களைத் தூக்கி வெளியே விட்டவர்களில் அவரும் ஒருவர். அவளைத் தோள் கொடுத்துக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் அவர்தான். சேர்த்துவிட்டுப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"ஏம்மா, பஸ் எப்பப் பொறப்படும்?"

"பஸ்தான் கவுந்து கெடக்கே அண்ணாச்சி! தெரியலையா?"

"அப்படியா?" என்று தலையாட்டினார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "ஏம்மா, பஸ் எப்பப் பொறப்படும்?" என்றார். ஆட்கள் வந்து வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வரைக்கும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் அவருக்கென்று பார்க்க எதுவும் இல்லை. தோல் எங்கும் கிழியவில்லை. காதில் இருந்து கொஞ்சம் ரத்தம் வந்து உறைந்திருந்தது. மூக்கில் இருந்து தண்ணீர் மாதிரி சொட்டிக்கொண்டிருந்தது. சளி என்று துண்டால் துடைத்துக்கொண்டார். மறுநாள் கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போயிற்று. முறிந்த கால்களும் நசுங்கின கைகளுமாகக் கூடம் நிறைந்து கிடந்தபோது, நடந்து வந்து உட்கார்ந்திருக்கிற மனிதரை யார் பார்ப்பார்கள்? வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆறுமுகச்சாமி கோவிலுக்கு ஓடிப்போய் அம்மன் சந்நிதியில் தேங்காய் உடைத்தான். சொன்னபடியே வெள்ளிக்கிழமை அவன் பெண்டாட்டி வந்து சேர்ந்தாள். தெருவில் எல்லாரும் வள்ளித்தாயிடம், "ஒரு கீறல் இல்லாம வந்துட்டாவளே, நீ செஞ்ச புண்ணியந்தான்" என்றார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

தலைவலிதான் முதலில் வந்தது. வெயிலில் நிற்கமுடியவில்லை. உழப் போனவர் பாதியில் ஏரை விட்டுவிட்டு வரப்பில் படுத்துக்கொள்வார். பிறகு மறதி. கடைக்கு என்று போய்த் தெருமுனையில் நின்றுகொண்டு எதற்கு வந்தோம் என்று யோசிப்பார். இதெல்லாம் அதிர்ச்சி, தை பிறந்தால் சரியாகும் என்றார்கள். தை பிறந்தது. சரியாகவில்லை.

சத்தம் ஆகவில்லை அவருக்கு. பாத்திரம் விழுந்தால் துள்ளி எழுந்திருப்பார். குழந்தை அழுதால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவார். ஒரு மத்தியானம் வள்ளித்தாய் கத்திரிக்காய்க் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். அவருக்குப் பிடித்த குழம்பு அது. இரண்டு வாய் தின்றவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னட்டி இது? வெந்நியக் காய்ச்சி ஊத்தியிருக்க?"

அவள் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். "நல்லாத்தான இருக்கு? உப்பு வேணுமா?"

சோற்றுக் கும்பா பறந்து சுவரில் பட்டது. அவள் நிமிர்வதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. அறைந்த கையை அவர் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொழுவத்துக்குப் போய் மாட்டுக் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். வள்ளித்தாய் சுவரில் வழிந்த குழம்பைத் துடைத்தாள். எங்கே தப்பு என்று அவளுக்கு விளங்கவில்லை. தன்னிடம் மனசு விட்டுப்போய்விட்டது, அதைச் சொல்லமுடியாமல் சாப்பாட்டைக் குற்றம் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவர் முன்னால் கும்பாவை வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பக்கத்து நிலத்துக்காரர் கருத்தப்பாண்டி ஒரு தடவை வழக்கம்போல வரப்புச் சங்கதி பேச இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். துரைப்பாண்டி அவர்களை உட்காரச் சொன்னார். பழையபடியே மழையைப் பற்றிப் பேச்செடுத்தார். வள்ளித்தாய்க்கு மனசு குளிர்ந்தது. இரண்டு பேரும் தங்கள் பக்கத்தைச் சொல்லி முடித்தார்கள். துரைப்பாண்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்தார்.

"நீரு என்ன சொன்னீரு?" என்று கருத்தப்பாண்டியைக் கேட்டார்.

அவர் மறுபடியும் சொன்னார். இவர் மற்றவரைப் பார்த்து, "நீரு?" என்றார். அவரும் சொன்னார். மூன்றாவது தடவையும் அதையே கேட்டபோது கருத்தப்பாண்டி லேசாகச் சிரித்துவிட்டார். அவ்வளவுதான், துரைப்பாண்டி சொம்பை எடுத்து அவர்மேல் எறிந்துவிட்டார். கருத்தப்பாண்டிக்குப் புருவம் கிழிந்தது. அதன்பின் அந்த வீட்டு வாசலை யாரும் மிதிக்கவில்லை. சாயங்காலங்களில் துரைப்பாண்டி வாசலில் வந்து நின்று தெருவைப் பார்ப்பார். எதிரே வருகிறவர்கள் வேறு சந்தில் திரும்பிப் போவார்கள். அவருக்கு அது தெரிந்தது. எல்லாவற்றையும் மறந்தவர், தான் முன்னே எப்படி இருந்தோம் என்பதை மட்டும் மறக்கவில்லை.

பாலத்தில் செத்துப்போனவனின் ஆவி பிடித்திருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. மனசு பேதலித்தவர்களைக் கூட்டிவந்து கோமதி அம்மன் சந்நிதிக்கு முன்னால் இருக்கும் சக்கரக் குழியில் உட்காரவைப்பது அந்த ஊரில் வழக்கம்தானே. வள்ளித்தாயும் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு மண்டலம் விரதம். காலையில் குளிக்கவைத்து, நெற்றியில் புற்றுமண் பூசி, குழியில் உட்காரவைப்பாள். அவர் சாதுவாக உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் தலையை விரித்துப்போட்டு ஆடுகிற பெண்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். "பாவம், என்ன கஷ்டமோ" என்பார். அவரைப் பார்த்தால் குணமாகிவிட்டதாகவே தோன்றும். ஆனால் தீபாராதனைக்கு மணியும் பேரிகையும் ஒன்றாக முழங்கினால் முகம் கோணிப்போகும். எழுந்து ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஓடுவார். "பேய் நடுங்குது பாரு" என்று கூட்டம் சந்தோஷப்படும்.

ஒரு நாள் அப்படி ஓடிவந்தவர் சந்நிதித் தெருவில் விழுந்துவிட்டார். வள்ளித்தாய் மூச்சிரைக்க ஓடிவந்து தூக்கப் பார்த்தாள். தெருவோரத்தில் எலுமிச்சம்பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்துவந்து இடது கையால் தாங்கினாள். வலது கை முழங்கையில் கோணி, இடுப்போடு ஒட்டி நின்றது.

"இவரு பஸ்ல வந்த அண்ணாச்சியில்லா?" என்றாள்.

கதீஜம்மாளை வள்ளித்தாய் அறிந்துகொண்டது அப்படித்தான். அவரை நிழலில் உட்காரவைத்துவிட்டு இருவரும் பேசினார்கள். பாலத்துச் சுவரில் உட்கார்ந்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டதை அவள் சொன்னாள். வள்ளித்தாய்க்கு அது புதிது. இவ்வளவு நாளும் யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

"அப்பவே தலையில என்னமோ ஆயிட்டு, ஏளா. பேயுமில்ல பிசாசுமில்ல. நான் கண்ணால பாத்தவ சொல்லுதேன்."

"டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டாவளே அக்கா."

கதீஜம்மாள் தன் கோணல் கையை மற்றக் கையால் தூக்கிக் காட்டினாள். "இந்தா, இத எல்லாரும் பாக்காவ. கூடையத் தலைக்குத் தூக்கிவிட யாராவது ஓடி வாராவ. பஸ்ஸப் பாத்தா எனக்கு ஒடம்பெல்லாம் வேக்குது, பழம் ஏத்துற மாட்டுவண்டியிலதான் வாரேன்னு சொன்னா, சரிதான்னு கேட்டுக்கிடுதாவ. ஒம் புருசனுக்கு வெளிய தெரியுத மாதிரி ஒண்ணுமில்ல. அதான் ஒங்க ரெண்டு பேரையும் போட்டு வதைக்காவ."

விரதம் முடிந்து வீட்டுக்கு வந்தார்கள். வள்ளித்தாய்க்குப் பாதி நம்பிக்கை அம்மனிடமும் பாதி கதீஜம்மாளின் பேச்சிலுமாக இருந்தது. இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. நல்ல நாட்களும் இருந்தன. மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பருத்திக் காட்டுக்குப் போவார். அவளுக்குப் பருத்திக் காயைப் பிளந்து உள்ளே பஞ்சு எப்படிச் சுருண்டு படுத்திருக்கிறது என்று காட்டுவார். அடுத்த நாளே அவள் சத்தமாகச் சிரித்ததற்கு அடிக்கக் கை ஓங்குவார். பாலம்மாளுக்கு இரண்டும் பழகிப்போயிற்று. தகப்பன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் வருவாள்.

1946-ல் பருத்தி எடுப்பு நேரம். வள்ளித்தாய் காட்டுக்குப் புறப்பட்டாள். அவருக்குத் தலைவலி. வீட்டில் இருக்கிறேன் என்றார். மாட்டுக்கு அடுப்பில் கொள்ளு அவிந்துகொண்டிருந்தது.

"தண்ணி வத்துனதும் எறக்கி வச்சிருங்க. பாப்பா உள்ள தூங்குதா."

"சரி" என்றார்.

அவர் வாசல் பக்கம் வந்து மாட்டுக்கயிறு முறுக்க உட்கார்ந்தார். கொள்ளை மறந்துபோனார். தண்ணீர் வற்றியது, கொள்ளு கருகியது, அடுப்பில் இருந்து கொள்ளி ஒன்று சரிந்தது. அடுப்புப் பக்கத்தில் விறகுக்கு அடுக்கியிருந்த பருத்திமார்க் குச்சிகளில் தீ தாவியது. கருகல் நாற்றம் தெருக்கோடி வரைக்கும் போய், அங்கே இருந்தவர்கள் யார் வீட்டிலோ அடுப்பில் எதையோ விட்டுவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். வாசலில் இருந்த மனிதர் கயிறு முறுக்கிக்கொண்டே இருந்தார். எதிர்வீட்டுப் பெண் கூரையில் புகையைக் கண்டு கத்தினபோதுதான் திரும்பிப் பார்த்தார். உள்ளே பாய்ந்து மகளை வாரிக்கொண்டு வந்தார். அதற்குள் எரிகிற ஓலை ஒன்று விழுந்து பாலம்மாளின் இடது தோளும் கழுத்தோரமும் வெந்துவிட்டன.

வள்ளித்தாய் செய்தி கேட்டு ஓடிவந்தபோது பாதிக் கூரை போயிருந்தது. குழந்தையின் புண்ணில் வாழைக்குருத்தை வைத்து யாரோ மடியில் போட்டிருந்தார்கள். அவர் தொழுவத்து மண்ணில் உட்கார்ந்திருந்தார். அவள் அதுவரை அவரை எதிர்த்து ஒரு சொல் பேசினதில்லை. அன்றைக்கு அவர் முன்னால் போய் நின்று கூவினாள்.

"தெருவே நாறுச்சாம்! ஒங்க முதுகுக்குப் பின்னால எரியுது, கருகுன வாடகூடவா ஒங்களுக்கு வரல? மனுசந்தானா நீங்க?"

அடிப்பார் என்று சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். அவர் அடிக்கவில்லை.

"வரல, வள்ளி" என்றார்.

"என்ன வரல?"

"வாடை. எனக்கு எந்த வாடையும் வராது."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எப்ப இருந்து?"

"பஸ் கவுந்ததுல இருந்து."

"ஏன் சொல்லல? இத்தன வருசமா ஏன் சொல்லல?"

"மொதல்ல சளின்னு நெனச்சேன். அது போகும் போகும்னு இருந்தேன். பொறவு..." அவர் சொல்லைத் தேடினார். "நீ வைக்கிற கொழம்பு ஒண்ணுமே தெரியல, எல்லாம் வெறும் தண்ணியாட்டம் இருக்குன்னா நீ அழுவ. என்னன்னு சொல்ல? பாப்பா தலைய மோந்து பாத்தா ஒண்ணுமில்ல. மழை பேஞ்சா கரிசல் மணக்குமே, அதும் இல்ல. இதெல்லாம் ஒரு வியாதின்னு எவன்ட்ட போய்ச் சொல்லுவேன்? சிரிப்பான்."

வள்ளித்தாய்க்குச் சுவரில் வழிந்த குழம்பும் அதன்பின் பறந்த கும்பாக்களும் நினைவுக்கு வந்தன. அத்தனை நாளும் அவள் தன்னைத்தான் குறைசொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தை முனகியது. இரண்டு பேரும் எழுந்து அதன் பக்கத்தில் போனார்கள்.

மறுநாள் ஆறுமுகச்சாமி வந்தான். கூரை மேய ஆளும் ஓலையும் தான் கொண்டுவருவதாகச் சொன்னான். பிறகு தயங்கித் தயங்கி, "மைனி, இனி இவர இப்படியே விட முடியாது. பிள்ளைக்கு என்ன ஆயிருக்கும் பாத்தியளா? தொழுவத்துல ஒரு சங்கிலியப் போட்டு..." என்றான்.

வள்ளித்தாய் அவனை நேராகப் பார்த்தாள். "சங்கிலியா? அன்னைக்கு அவரு யாருக்காக பஸ்ல போனாரு, தம்பி?"

ஆறுமுகச்சாமியின் பெண்டாட்டி அவனோடு சேர்ந்து இரண்டு பிள்ளைகளைப் பெற்று நன்றாகத்தான் இருந்தாள். அதற்குப் பிறகு அவன் சங்கிலி என்ற சொல்லை எடுக்கவில்லை. அண்ணன் நிலத்தையும் சேர்த்து அவனே உழுதான்.

கதீஜம்மாள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்ததால், திருநெல்வேலியில் தலைக்காயம் பார்த்துப் பழகின ஒரு பெரிய டாக்டரிடம் வள்ளித்தாய் அவரைக் கூட்டிப்போனாள். பஸ் வேண்டாம் என்று தென்காசி வழியாக ரயிலில் போனார்கள். யுத்தத்தில் அடிபட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தவர் அந்த டாக்டர். துரைப்பாண்டியின் கண்ணைக் கட்டி, மூக்கில் காப்பித்தூளைக் காட்டினார். பூண்டை நசுக்கிக் காட்டினார். ஒன்றும் தெரியவில்லை. காதில் ரத்தம் வந்ததா, மூக்கில் தண்ணீர் ஒழுகியதா என்று கேட்டார். வந்தது என்றாள்.

"மண்டைக்குள்ள அடியில விரிசல் விட்டிருக்கும்மா. வாசனை அறியுற நரம்பு நூல் மாதிரி மெலிசு, அந்த வேகத்துல அறுந்திருக்கும். நெத்திக்குப் பின்னால மூளையிலயும் அடி. கோவத்தக் கட்டிவைக்கிற சக்தி அங்கதான் இருக்கு."

"மருந்து உண்டுங்களா?"

"தலைவலிக்குத் தாரேன். ஆறவேண்டியதெல்லாம் இந்நேரம் ஆறியிருக்கும். மிச்சம் இப்படியேதான் இருக்கும். பின்னால வலிப்பு வந்தாலும் வரலாம், நெருப்புப் பக்கமும் தண்ணிப் பக்கமும் தனியா விடாதீங்க."

திரும்பி வருகிற ரயிலில் அவர் கேட்டார்: "அப்ப நான் பொல்லாதவனா ஆயிடல. அடிபட்டவந்தான். அப்படித்தான?"

"அப்படித்தான்" என்றாள் வள்ளித்தாய்.

தெரிந்துகொண்டதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்த மாதமே ஒரு நாள் அவளை அடித்தார். அடி வலித்தது; ஆனால் தன்னிடம் மனசு விட்டுப்போய்விட்டது என்ற வலி இப்போது அவளுக்கு இல்லை. புளிப்பும் உறைப்பும் உப்பும் மட்டும் அவர் நாக்குக்குத் தெரிகிறது என்று கண்டுகொண்டு, அவருக்கென்று தனியாகப் புளியும் மிளகாயும் தூக்கலாகக் குழம்பு வைத்தாள். திருவிழா நாட்களில், ஆடித்தபசுக்கு ஊரே திரண்டு வரும்போது, கட்டுச்சோற்றோடு அவரைக் காட்டுக்கு அனுப்பிவிடுவாள். பாத்திரங்களைத் துணி விரித்து அதன்மேல் வைப்பாள். வீட்டில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. பாலம்மாள் அந்த வீட்டில் மெதுவாகப் பேசியே வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளை ஊமை என்று கூப்பிட்டார்கள்.

டாக்டர் சொன்னபடி 1952-ல் வலிப்பு வந்தது. முதல் தடவை களத்துமேட்டில். பிறகு மாதத்துக்கு ஒன்றாக, சில மாதம் அதற்கும் மேலாக. வலிப்பு வந்து போன பின் ஒரு நாள் முழுக்கக் குழந்தை மாதிரி கிடப்பார். அந்த நாட்களில்தான் அவர் குரல் பழையபடி சாந்தமாக இருக்கும். வள்ளித்தாய் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பாலம்மாளுக்கு மாப்பிள்ளை தேடினபோது இரண்டு இடம் தட்டிப்போயிற்று. ஒன்று கழுத்தோரத் தழும்பைப் பார்த்து. இன்னொன்று, பேச வந்தவர்களில் ஒருவர் வெற்றிலைத் தட்டைத் தொப்பென்று வைக்க, துரைப்பாண்டி எழுந்து கத்தினதைப் பார்த்து. மூன்றாவதாக இளையரசனேந்தல் பக்கத்தில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. மானாவாரி விவசாயிகள். மாப்பிள்ளை பெயர் சங்கரபாண்டி. வள்ளித்தாய் அவர்களிடம் எதையும் மறைக்கவில்லை. பஸ் கவிழ்ந்ததில் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுவிட்டு, "எங்க சித்தப்பா மரத்துல இருந்து விழுந்து இப்படித்தான் இருந்தாரு" என்று மட்டும் சொன்னான் மாப்பிள்ளை. கல்யாணம் 1957 தை மாதம் என்று நிச்சயமாயிற்று.

கல்யாணத்துக்கு முந்தின நாள் துரைப்பாண்டி தம்பியைக் கூப்பிட்டார்.

"ஏலே, நாளைக்கு நீ நின்னு தாரை வார்த்துக் குடு."

"நீங்க இருக்கும்போது நான் எப்படிண்ணே?"

"நான் காட்டுக்குப் போயிருவேன். மேளத்தக் கேட்டா எனக்குள்ள என்ன கெளம்பும்னு எனக்கே தெரியாது. மணவறையில வச்சு நான் எம் பிள்ளைய அடிச்சிட்டா என்ன செய்வ?"

வள்ளித்தாய் ஓரமாக நின்று கேட்டாள். மேளமில்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் ஒப்பவில்லை. "ஒத்தப் பிள்ள. மேளமில்லாம எதுக்குக் கல்யாணம்? நல்லா கொட்டச் சொல்லு. எனக்குக் கேக்கவேண்டாம், அவ்வளவுதான்."

விடிந்ததும் புது வேட்டி கட்டிக்கொண்டு, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, தனியாகக் காட்டுக்கு நடந்தார். தெருவில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு அவர் போவதைப் பார்த்தார்கள். ஆறுமுகச்சாமி தாரை வார்த்தான். வார்க்கும்போது அவன் கண் காட்டுப் பக்கமே போனது, தண்ணீர் சரியாக விழவில்லை.

சாப்பாடு முடிந்ததும் பொண்ணையும் மாப்பிள்ளையையும் வண்டியில் வைத்துக் காட்டுக்குக் கூட்டிப்போனாள் வள்ளித்தாய். வண்டி மாட்டுக் கழுத்து மணியை அவிழ்த்துவிடச் சொன்னாள். அவர் வேப்பமரத்தடியில் காத்திருந்தார். புது வேட்டியில் அழுக்குப் படாமல் இருக்கத் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் காலில் விழுந்தபோது இரண்டு பேர் தலையிலும் கையை வைத்தார். வாழ்த்துகிற வார்த்தை மறந்துபோயிருந்தது. பாலம்மாள் தலையில் வைத்திருந்த பூவைத் தொட்டுப் பார்த்தார்.

"மல்லியப்பூவா மக்கா?"

"ஆமாய்யா. மணக்குது."

"மணக்கும். மணக்கும்" என்றார். பிறகு மருமகனிடம் திரும்பி, "இவ சத்தமாப் பேசமாட்டா. எங்களாலதான். நீ பேசவையி" என்றார்.

அடுத்த வருஷம் மார்கழியில், ஒரு காலை வேளையில் அவர் இறந்துபோனார். வள்ளித்தாய் கஞ்சி ஊற்றிக்கொண்டு பின்னாலேயே வருவதாகச் சொல்லியிருந்தாள். அவர் முன்னால் காட்டுக்கு நடந்தார். அவள் போய்ச் சேருவதற்குள், கிணற்றடி வாய்க்காலில் குனிந்து கை கழுவும்போது வலிப்பு வந்து முகம் குப்புற விழுந்திருக்கிறார். முழங்கால் அளவு தண்ணீர்கூட இல்லை. முதலில் கண்டவன் ஆறுமுகச்சாமி. தூக்கி மடியில் போட்டுக்கொண்டு கத்தின சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

சாவு விசாரித்துத் துட்டி கேட்க ஊர் வந்தது. வெகுநாளாக அந்த வாசலை மிதிக்காதவர்களும் வந்தார்கள். கருத்தப்பாண்டியும் வந்து ஒரு ஓரமாக நின்றார். "நல்ல மனுசன்தான், கோவம் மட்டும் இல்லைன்னா" என்று யாரோ சொன்னார்கள். வள்ளித்தாய்க்கு அது காதில் விழுந்தது. முன்னே என்றால் விளக்கம் சொல்லியிருப்பாள். இப்போது சொல்லத் தெம்பில்லை. அவள் அழவும் இல்லை. எல்லாரும் அழும்போது சும்மா உட்கார்ந்திருந்தாள். கல்லாகிவிட்டாள் என்று பெண்கள் குசுகுசுத்தார்கள்.

சில நாள் கழித்து, ஒரு மத்தியானம் கதீஜம்மாள் புளியங்குடியில் இருந்து மாட்டுவண்டியில் வந்தாள். கூடத்தில் துட்டிக்கு வந்த பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சும் சத்தமுமாக இருந்தது. அத்தனைக்கும் நடுவில் வள்ளித்தாய் சுவரோரம் முந்தானையைத் தலைக்கு வைத்துக்கொண்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆறுமுகச்சாமியின் பெண்டாட்டிக்கு வந்தவர்கள் முன்னால் கூச்சமாகப் போயிற்று. தோளைத் தொட்டு எழுப்பப் போனாள்.

"எழுப்பாதட்டி" என்றாள் கதீஜம்மாள். "எத்தன வருசத்துத் தூக்கமோ. கெடக்கட்டும்."

பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல கையால் ஈயை ஓட்டிக்கொண்டிருந்தாள். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். வெயில் முற்றத்தை விட்டு இறங்கின பிறகுதான் வள்ளித்தாய் கண் விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தாள். காதைக் கொடுத்துக் கேட்டாள். வீட்டில் ஒரு அசைவும் இல்லை.

"நான் தூங்கிட்டேனாக்கா?"

"ஆமா. நல்லாத் தூங்குன."

"பயமில்லாமத் தூங்கிட்டேன்" என்றாள். சொன்னதும் முகம் வெட்கத்தில் சுருங்கியது. அவர் போன பிறகு அப்போதுதான் முதல் தடவையாக, கதீஜம்மாளின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.